இயந்திரத்தின் மேற் போட்ட பழி

வானூர்தி ஒன்று வீழ்ந்த மறுநாட் காலையில் செய்தித்தாள்கள் யாவும் ஒரே சொற்றொடரைத் தாங்கி வருதல் வழக்கமாகிவிட்டது. "இயந்திரக் கோளாறு" என்பதே அச்சொற்றொடர். சிலவேளை அது "தொழில்நுட்பக் கோளாறு" என வேறொரு சட்டை அணிந்து வரும். உடைந்த பாகங்களைப் புலனாய்வாளர் பொறுக்கி எடுக்கு முன்னரே இது தீர்ப்பாகிவிடுகின்றது. இறந்தோரை அடக்கஞ் செய்துவிட்டு வீடு திரும்பும் உறவினரின் கையில் இறுதியாக எஞ்சுவதும் இதுவே. இயந்திரம் வாய் திறவாது. தனக்காக வாதாட ஒரு சட்டத்தரணியை அமர்த்தாது. பதவியிழக்கும் அச்சமும் அதற்கில்லை. ஆதலின் அதன் தலையிற் பழியைக் கட்டுதல் எல்லார்க்கும் வசதியாயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் எனும் முதுமொழிக்கு இதனினும் பொருத்தமான உரைகல் கிடைத்தல் அரிது.

2025ஆம் ஆண்டு மே மாதம் 9ஆந் திகதி காலை, மாதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் இலங்கை விமானப்படையின் பெல் 212 ரக உலங்கு வானூர்தி ஒன்று வீழ்ந்தது. இராணுவ விசேட படையணியினரின் பயிற்சி நிறைவு விழாவிற் சாகசக் காட்சிக்காகப் பறந்த ஊர்தி அது. அதில் இருந்தோர் பன்னிருவர், இறந்தோர் அறுவர். இராணுவத்தினர் நால்வர், விமானப்படையினர் இருவர். மாதுரு ஓயா வேறெங்கோ உள்ள ஆறன்று. மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபுறத்தே கடலொடு கலப்பது. அவ்வாண்டு முடியுமுன்னரே, நவம்பர் 30ஆந் திகதி, டித்வா சூறாவளியின் வெள்ளத்தில் அகப்பட்ட மக்களுக்கு நிவாரணங் கொண்டுசென்ற மற்றொரு பெல் 212 லுணுவிலவில் வீழ்ந்து, அதன் விமானி உயிர் துறந்தார். மார்ச் மாதத்தில் வாரியப்பொலவில் ஒரு கே-8 பயிற்சி விமானம் வீழ்ந்தமையையுஞ் சேர்த்தால், ஓராண்டில் ஒரே படைக்கு மூன்று இழப்புகள்.

இவை மூன்றும் படையினரின் கடமைப் பறப்புகள். கடமைக்காகப் பறப்பவர் ஆபத்தை அறிந்தே ஏறுகின்றார். லுணுவிலவில் இறந்த விமானியின் செயலை எடைபோடும் தராசு வேறு. ஆனால், காட்சி பார்ப்பதற்காகப் பணங் கொடுத்து ஏறுபவனின் நிலை அதுவன்று. அவன் ஏறுவது பத்து அல்லது இருபது நிமிட இன்பத்துக்காக. அவனுக்கு அவ்வூர்தியின் வயது தெரியாது. அதன் உறுப்புகள் எப்பொழுது மாற்றப்பட்டன என்பது தெரியாது. இருக்கைப் பட்டியை நீருக்குள் அவிழ்ப்பது எங்ஙனம் என்பதும் தெரியாது. அவன் அறியாத ஆபத்துக்கு அவனே உடன்பட்டான் எனக் கூறுவது வாதத்தில் நிற்காது. இலங்கை விமானப்படை 1970களிலேயே "ஹெலிடுவர்ஸ்" எனும் பெயரில் உல்லாசப் பிரயாணிகளை வானில் ஏற்றத் தொடங்கியது. 2018 மார்ச் மாதத்தில் மட்டக்களப்பு விமான நிலையம் உள்நாட்டுச் சிவில் விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின்னர், கிழக்கின் கடலும் வாவியும் உல்லாசப் பிரயாணத்துறையின் விலைப்பட்டியலில் இடம்பிடித்துவிட்டன. பாசிக்குடாவில் விடுதிகள் எழுந்துவிட்டன. வாவியை மேலிருந்து காட்டும் பறப்பு அப்பட்டியலின் அடுத்த வரியாக வருதல் இயல்பு. அவ்வரி எழுதப்படுமுன்னரே "இயந்திரக் கோளாறு" எனுஞ் சொற்றொடரை உடைத்துப் பார்த்தல் வேண்டும்.

உலங்கு வானூர்தியின் இயந்திரம் வானில் நின்றுவிட்டால் அது கல்லெனக் கீழே வீழும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மேலேயுள்ள பெருஞ் சுழலிறகு இயந்திரத்தின் தொடர்பு அறுந்த பின்னும் சுழலவல்லது. விமானி தம் இடக்கையிலுள்ள நெம்புகோலை உடனே தாழ்த்தினால் இறகுகளின் சாய்வு குறையும். ஊர்தி இறங்க, கீழிருந்து மேனோக்கி வருங் காற்று அவ்விறகுகளைச் சுழற்றும். நிலத்தை அணுகுங்கால் அச்சுழற்சியிற் சேர்ந்திருக்கும் வலுவைச் செலவிட்டு மெல்ல அமரலாம். மேப்பிள் மரத்தின் சிறகுவிதை சுழன்றபடி மண்ணைச் சேர்வதும் இவ்விதியாலேயே. ஆனால் இதற்கு இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும்: போதிய உயரம், அல்லது போதிய வேகம். இரண்டும் இல்லாவிடின் எவ்வளவு திறமை வாய்ந்த விமானியும் ஒன்றுஞ் செய்ய இயலாது. ஒவ்வொரு ரக ஊர்திக்கும் அதனைச் செய்தோர் தரும் நூலில், எவ்வுயரத்தில் எவ்வேகத்துக்குக் குறைந்தால் மீட்சி இல்லை என்பதைக் காட்டும் ஒரு வரைபடம் உண்டு. விமானிகள் தம்முள் அதனைச் சாவுக்கோடு என வழங்குவர். சிறிய ஊர்திகளில், இயந்திரம் நின்றதை உணர்ந்து கையைத் தாழ்த்துவதற்கு விமானிக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு செக்கன் மாத்திரமே.

காட்சிப் பறப்பு எத்தகையது? தாழப் பறத்தல், மெல்லப் பறத்தல், படமெடுப்பதற்காக ஓரிடத்தில் நின்று தொங்குதல். அதாவது, அச்சாவுக்கோட்டின் உட்புறத்தே வாடிக்கையாளரை வைத்திருத்தலே அத்தொழிலின் கவர்ச்சி. கோட்டையை அண்மையிற் காட்டினால் ஒரு விலை. உயரத்திலிருந்து காட்டினால் வேறு விலை. அன்றியும், நெடுந்தூரம் ஒரே சீராகப் பறக்கும் ஊர்தியைவிடப் பத்து நிமிடத்துக்கு ஒருதடவை ஏறி இறங்கும் ஊர்தியின் உறுப்புகள் விரைவிற் களைப்படையும். உலோகத்துக்கும் களைப்பு உண்டு. இதனாலேயே சுழலிகள் முதலிய உறுப்புகளின் ஆயுள் பறந்த மணித்தியாலங்களால் மட்டுமன்றி, எத்தனை தடவை முடுக்கப்பட்டன என்ற கணக்கினாலும் வரையறுக்கப்படுகின்றது. கணக்கேட்டில் ஒரு தடவையைக் குறைத்து எழுதுபவன் இயந்திரத்தை ஏமாற்றவில்லை. ஏறப்போகும் மனிதனையே ஏமாற்றுகின்றான்.

ஹவாய்த் தீவுகளில், பேர்ள் துறைமுகத்து நினைவகத்தின் அருகே, 2016 பெப்ரவரி 18ஆந் திகதி ஒரு பெல் 206 காட்சிப் பறப்பு ஊர்தி நீரில் வீழ்ந்தது. கரையிலிருந்து சில அடித் தொலைவு. அங்கு நின்ற உல்லாசப் பிரயாணி ஒருவரின் படக்கருவியில் அவ்வீழ்ச்சி முழுவதும் பதிவாயிற்று. விமானியும் மற்றையோரும் வெளிவந்தனர். பின்னிருக்கையிலிருந்த பதினாறு வயதுக் கனேடிய மாணவன் ஒருவன் மட்டும் பட்டியில் அகப்பட்டு ஊர்தியோடு அமிழ்ந்தான். கரையில் நின்றோர் பாய்ந்து நீந்திப் பட்டியை வெட்டி அவனை மீட்டனர். ஆயினும் அவன் பின்னர் இறந்தான். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஆராய்ந்து கண்டது யாது? இயந்திரத்திலிருந்து சுழலிறகுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் தண்டு முறிந்தது. அது முறிந்தமைக்குக் காரணம் முறையற்ற பராமரிப்பு. அவ்வூர்தியில் நீர் மிதவைகளும் பூட்டப்பட்டிருக்கவில்லை. "இயந்திரக் கோளாறு" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடியிருந்தால், பராமரித்த கையும் மிதவை பூட்டாத கையும் உலகின் கண்ணுக்கு மறைந்தே போயிருக்கும்.

2013 யூன் 30ஆந் திகதி, நியூ யோர்க் நகரின் ஹட்சன் ஆற்றுக்கு மேலே சுவீடன் நாட்டுக் குடும்பம் ஒன்றை ஏற்றிச் சென்ற பெல் 206 ஊர்தியின் இயந்திரம் திடீரென வலுவிழந்தது. அவ்வூர்தியில் மிதவைகள் இருந்தன. விமானி முன்னர்க் கூறிய முறையில் இறங்கி, மிதவைகளை ஊதி, ஆற்றின் மேல் அமர்ந்தார். ஊர்தியில் இருந்தோர் யாவரும் உயிருடன் கரை சேர்ந்தனர். விமானியின் திறமையை உலகம் போற்றியது, போற்றுதல் தகும். ஆயினும் பாதுகாப்புச் சபை அத்துடன் நின்றுவிடவில்லை. இயந்திரத்தின் எண்ணெயிடலில் இருந்த குறைபாட்டையும் பராமரிப்பில் நேர்ந்த தவறையும் அது வெளிக்கொணர்ந்தது. ஒருவரும் இறக்காத விபத்தையும் இறந்தோர் உள்ள விபத்தைப் போலவே ஆராய்தல் வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. அதே நிறுவனத்தின் மற்றோர் ஊர்தி 2025 ஏப்ரில் 10ஆந் திகதி அதே ஆற்றுக்கு மேல் வானிலேயே பிளந்து வீழ்ந்தது. ஸ்பெயின் நாட்டுக் குடும்பத்தினர் ஐவரும் விமானியும் இறந்தனர். முதலதன் காரணத்தை இரண்டாவதன் மேல் ஏற்றுதல் முறையன்று. ஆனால், முதல் விபத்தைப் பற்றிய அவ்வறிக்கை எவர்க்குங் கிடைக்கும் நிலையில் இருந்தது என்பதும், அவ்வாற்றங்கரையில் அனுமதிச் சீட்டு வாங்கியவர்களுள் அதனைப் படித்தவர் எவரும் இருந்திருக்கமாட்டார் என்பதும் நினைக்கத்தக்கவை.

இவற்றுக்கிடையே, 2018 மார்ச் 11ஆந் திகதி அதே நகரின் கிழக்கு ஆற்றில் நிகழ்ந்த விபத்தே இவ்வாதத்தின் மையம். கதவுகளைக் கழற்றிவிட்டு, பயணிகள் கால்களை வெளியே தொங்கவிட்டுப் படமெடுக்கும் பறப்பு அது. மாலை மங்கும் வேளையில் இயந்திரம் நின்றது. விமானி வானொலியில் அபயக்குரல் கொடுத்தபொழுது சொன்ன காரணம் "இயந்திரம் செயலிழந்துவிட்டது" என்பதே. ஊர்தி ஆற்றில் இறங்கியது. மிதவைகள் சரிவர ஊதவில்லை, ஊர்தி கவிழ்ந்தது. விமானி ஒருவரே தப்பினார். பயணிகள் ஐவரும், கீழே விழாதிருக்கவெனக் கட்டப்பட்ட மேலதிகக் கச்சைகளை அவிழ்க்க முடியாமல், தலைகீழாக நீருள் மூழ்கி இறந்தனர். அந்த இயந்திரத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. பயணியைப் பிணித்திருந்த கயிறு, தரையோடு இருந்த எரிபொருள் அடைப்புக் கைபிடியிற் சிக்கி அதனை இழுத்துவிட்டது. எரிபொருள் நின்றது, இயந்திரம் நின்றது. உயிர் காக்கக் கட்டிய கயிறே இயந்திரத்தை நிறுத்தியது. அக்கயிறே பின்னர் பயணிகளை நீருக்குள் நிறுத்தியது. அப்பறப்பை நடத்தியோர் அதனை உல்லாசப் பறப்பு என்னாது "வான் புகைப்படப் பறப்பு" என வகைப்படுத்தி, உல்லாசப் பறப்புக்குரிய கடுமையான விதிகளிலிருந்து விலகிக்கொண்டனர் என்பதையும் பாதுகாப்புச் சபை எடுத்துரைத்தது. 2024இல் நியூ யோர்க் நீதிமன்றில் யூரிமார் இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு 11 கோடி 60 இலட்சம் டொலர் வழங்கத் தீர்ப்பளித்தனர். பறப்பை ஏற்பாடு செய்த நிறுவனம், ஊர்தியை இயக்கிய நிறுவனம், மிதவையைச் செய்த நிறுவனம் என மூன்றுக்கும் அப்பொறுப்புப் பகிரப்பட்டது. இயந்திரத்துக்கு அப்பகிர்வில் ஒரு சதமேனும் ஒதுக்கப்படவில்லை.

முதலிற் சொல்லப்படுங் காரணம் காரணமே அன்று என்பதற்கு அயலிலும் சான்று உண்டு. 2021 டிசம்பர் 8ஆந் திகதி தமிழ்நாட்டின் குன்னூர் அருகே இந்திய விமானப்படையின் எம்.ஐ-17 ஊர்தி வீழ்ந்து, இந்தியாவின் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்படப் பதினால்வர் இறந்தனர். அன்று மாலையே ஊகங்கள் ஆயிரம் எழுந்தன. இயந்திரக் கோளாறும் சதியும் இல்லையெனப் படைவிசாரணை பின்னர் ஒதுக்கியது. வானிலை மாற்றத்தால் முகிலுக்குட் புகுந்து விமானி திசையுணர்வு இழந்தமை கூறப்பட்டது. அது மனிதத் தவறென வகைப்படுத்தப்பட்டமை நாடாளுமன்றக் குழுவொன்றின் அறிக்கை வாயிலாகப் பொதுமக்களுக்குத் தெரிய வந்தபொழுது ஆண்டுகள் மூன்று கழிந்திருந்தன. நஞ்சப்பசத்திரத்து மக்கள் குடங்களில் நீரும் போர்வைகளுமாகத் தீயை நோக்கி ஓடிய அந்நாளின் நினைவு அவர்களுக்கு மங்கத் தொடங்கிய பின்னரே காரணம் அவர்கள் காதை எட்டியது.

இனி வாவிக்கு வருதல் வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, மேலிருந்து பார்ப்பவனுக்கு அழகியது என்பதில் ஐயமில்லை. புளியந்தீவும் ஒல்லாந்தர் கோட்டையும் கல்லடிப் பாலமும் முகத்துவாரமும் ஒருங்கே தெரியும். ஆனால் மேலிருந்து தெரியாத சில உண்டு. வாவியின் நீர் உவர்நீர். அதன் மேல் வீசும் காற்று உப்பைச் சுமப்பது. உப்புக் காற்றில் இயங்கும் சுழலி இயந்திரத்தின் காற்றழுத்தியை நாடோறும் பறப்பு முடிந்தபின் நன்னீரால் கழுவுதல் வேண்டும் என்பது அவ்வியந்திரங்களைச் செய்வோரின் விதி. கழுவாவிடில் இறகுகள் அரிக்கப்படும், வலு குன்றும், ஒருநாள் நின்றுபோகும். வைகாசி, ஆனி மாதங்களில் வீசும் கச்சான் வெப்பமானது. வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. அதில் இயந்திரத்தின் வலுவும் இறகின் தூக்குதிறனுங் குறையும். உல்லாசப் பிரயாணிகள் கிழக்குக்கு மிகுதியாக வரும் பருவமும் அதுவே. இவற்றை எல்லாம் எழுதி வைத்த பின்பு, உப்பினால் அரிக்கப்பட்ட ஒரு இயந்திரம் வாவியின் மேல் நின்றுவிட்டால், அதனைக் கோளாறு என அழைப்பது எங்ஙனம்? கழுவ வேண்டியவன் கழுவவில்லை என்பதே அதன் தமிழ்.

வாவி ஆழமற்றது, பல இடங்களில் ஆள் நின்றால் தலை தெரியும், ஆகவே அச்சமில்லை என்பர் சிலர். உலங்கு வானூர்தியின் இயந்திரமும் பல்லிணைப் பெட்டியும் அதன் உச்சியில் இருப்பன. மிதவையின்றி நீரில் அமர்ந்தால் அது தலைகீழாகப் புரளும். தலைகீழாகப் பட்டியில் தொங்குபவனுக்கு ஆறடி நீரும் அறுபதடி நீரும் ஒன்றே. சேற்றுநீரிற் கண்ணுந் தெரியாது.

நீரின் மேல் மனிதரைக் கொண்டுசெல்லும் பொறுப்பைக் கிழக்கு மாகாணம் எங்ஙனம் பேணிற்று என்பதையும் நினைவு கூர்தல் தகும். 2021 நவம்பர் 23ஆந் திகதி கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர். பாலம் புதுக்கப்படுகின்றது என்பதற்காக மக்கள் அப்பாதையில் ஏறினர். அவர்களுக்கு உயிர்காப்பு அங்கிகள் இல்லை. மோட்டார் பூட்டிய ஒரு பாதைக்கு ஓர் அங்கியைக் கட்டாயமாக்க இயலாத நிருவாகம், பல இலட்சம் டொலர் பெறுமதியான ஊர்தியின் கணக்கேட்டை நாடோறும் பார்வையிடும் என்று நம்புதற்கு மிகுந்த பக்தி வேண்டும். கல்விக்காக வாவி கடந்த பிள்ளைகளுக்குக் கிடையாத பாதுகாப்பு, காட்சிக்காக வாவி மேற் பறப்போர்க்குக் கிடைத்தாலுங்கூட அதுவும் ஒரு வெட்கமே.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவன சில. இரட்டை இயந்திர ஊர்தியைப் பயன்படுத்தினால் போதும் என்பது ஒன்று. ஒற்றை இயந்திரத்தினும் அது நன்று என்பதை மறுத்தல் இயலாது. நீரின் மேலும் ஊர்களின் மேலும் பணத்துக்குப் பறக்கும் ஊர்திக்கு அதனைக் கட்டாயமாக்குதலும் வேண்டும். ஆனால் மாதுரு ஓயாவில் வீழ்ந்த பெல் 212 இரட்டை இயந்திரம் உடையது; லுணுவிலவில் வீழ்ந்ததும் அதுவே. பேர்ள் துறைமுகத்தில் முறிந்த தண்டைப் போன்ற உறுப்புகள், இயந்திரம் எத்தனையாயினும், பொதுவான வழியில் உள்ளவை. பழைய ஊர்திகளை விலக்கினால் போதும் என்பது மற்றொன்று. வயது மட்டுமே குற்றமன்று. நாற்பது ஆண்டு பழைய ஊர்தியும் ஒழுங்காகப் பேணினால் பறக்கும். நேற்று வாங்கியதும் பேணாவிடில் வீழும். விமானப்படையின் தொழில்நுட்பவியலாளர் பலர், உதிரிப்பாகங்களுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலங்களிலும், தங்கள் திறமையால் ஊர்திகளைப் பறக்க வைத்தவர்கள். 2011 சனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு வான்வழி உணவு வந்ததும் அவர்களாலேயே. அத்திறமையைக் காட்டிக் காட்சிப் பறப்புக்கு அனுமதி கேட்பதுதான் பொருந்தாது. நிவாரணப் பறப்பின் புகழை உல்லாசப் பறப்பு இரவல் வாங்கலாகாது.

வருமானம் வரும் என்பதே மூன்றாவது வாதம். உண்மையில் முதலாவதும் அதுவே. கேதார்நாத்தை நோக்குக. யாத்திரிகரை மலைக்கு ஏற்றி இறக்கும் ஊர்திகள் ஒற்றை இயந்திரத்தினவாக, நாளொன்றுக்குப் பற்பல தடவை பறப்பன. 2025இல் யாத்திரைக் காலம் தொடங்கி ஏறத்தாழ ஆறு வாரங்களுள் உத்தராகண்டத்தில் விபத்துகளும் அவசர இறக்கங்களுமாக ஐந்து நேர்ந்தன. மே 8ஆந் திகதி அறுவர் இறந்தனர். யூன் 7ஆந் திகதி ஓர் ஊர்தி தொழில்நுட்பக் கோளாறென நெடுஞ்சாலையில் இறங்கி, நின்ற காரொன்றில் வாலை மோதிற்று, பயணிகள் தப்பினர். யூன் 15ஆந் திகதி ஏழு பேர், அவர்களுள் ஒரு குழந்தையும், இறந்தனர். ஒவ்வொரு தடவையும் பறப்பு நிறுத்தப்பட்டது, பின் தொடங்கியது. வருமானம் அங்கும் வந்தது.

அன்றியும், வாவிக்கரையில் இவ்வோசைக்கு ஒரு பழைய பொருள் உண்டு. 1980களின் நடுப்பகுதியிலிருந்து படுவான்கரையின் முதியோர்க்கு "ஹெலி" என்றால் காட்சியன்று. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடிய நாள். இயந்திரத் துப்பாக்கி பூட்டிய பெல் 212 அவர்கள் தலைக்கு மேற் சுற்றிய காலம் மறந்துபோகத்தக்கதன்று. உல்லாசப் பிரயாணத்துறை அவர்களிடம் ஒரு சொல்லேனும் கேட்டல் முறை. பாடும் மீனின் ஓசையைக் கேட்கக் கல்லடிப் பாலத்தருகே நிலாக் காலத்திற் தோணியிற் செல்வோர் துடுப்பை நீருள் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பர் என்பது ஊரறிந்தது. வானில் ஊர்தி சுற்றத் தொடங்கினால் மீன்பாடும் தேனாட்டுக்கு வந்தவன் காதைப் பொத்திக்கொண்டு திரும்ப நேரும்.

விசாரணைக்குரிய சட்ட நிலையே இவ்விவாதத்தின் மிகக் கடினமான முடிச்சு. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் பதின்மூன்றாம் இணைப்பு விமான விபத்து விசாரணையின் நோக்கம் எதிர்கால விபத்தைத் தடுத்தல் மட்டுமே என்கின்றது. விசாரிக்கும் அமைப்பு, விமானத்துறையை நிருவகிக்கும் அதிகாரத்திலிருந்து சுதந்திரமாக இருத்தல் வேண்டும் எனவும், இறுதி அறிக்கை இயன்றவரை பன்னிரண்டு மாதங்களுள் பகிரங்கமாக்கப்படல் வேண்டும் எனவும் விதிக்கின்றது. ஆனால் அவ்வுடன்படிக்கை அரச வானூர்திகளுக்கு, அதாவது படை, சுங்கம், பொலிஸ் என்பவற்றின் ஊர்திகளுக்கு, பொருந்தாது என அதன் மூன்றாம் உறுப்புரையே விலக்கிவிடுகின்றது. படையினரின் விசாரணை படையினருக்குள் நிகழும். அறிக்கை படையினரின் அலுமாரிக்குட் செல்லும். படைக்கு அது பொருந்தலாம். ஆயின் படையே உல்லாசப் பறப்பை நடத்தும் ஒரு நாட்டில், பணங் கொடுத்து ஏறிய பொதுமகன் இறந்தால் எந்த அலுமாரியைத் தட்டுவது? பயணச்சீட்டு விற்கும் எந்த ஊர்தியும், அதன் வாலில் எந்தச் சின்னம் பொறிக்கப்பட்டிருப்பினும், சிவில் விசாரணைக்கு உட்பட்டதே எனச் சட்டம் ஐயத்துக்கிடமின்றிக் கூறுதல் வேண்டும்.

அறிக்கை வெளிவந்தாலும் அது எம்மொழியில் வரும் என்பது அடுத்த கேள்வி. 1987இன் பதின்மூன்றாந் திருத்தத்தின் பின் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. வாவியின் மேற் பறக்கும் ஊர்தி வீழ்வது நாவற்குடாவிலோ காத்தான்குடியிலோ மண்முனையிலோ எனின், அதன் கீழ் வாழ்வோர் படிக்கும் மொழி தமிழ். சுழலி, காற்றழுத்தி, உலோகக் களைப்பு என்பவற்றைத் தமிழிற் சொல்ல இயலாது என எவரேனுங் கூறின் அது பொய். 1950களிலும் 60களிலும் அரச கரும மொழித் திணைக்களம் பொறியியலுக்கும் பௌதிகத்துக்கும் கலைச்சொற்களை ஆக்கித் தந்தது. பல்கலைக்கழகங்களில் அக்கலைச்சொற்களைப் புழங்கவிட்டுத் துருப்பிடிக்கச் செய்தமை பொறியியலாளர் மட்டுமன்றித் தமிழ்த் துறையினரும் பங்குகொண்ட பிழை. பயணிக்குத் தரப்படும் பாதுகாப்பு விளக்கமும் இவ்வாறே. இருக்கைப் பட்டியை அவிழ்க்கும் முறையை அறியாத மொழியிற் கேட்டுத் தலையசைத்தவன், அதனைக் கேட்டவனாகக் கணக்கில் எழுதப்படுகின்றான்.

வாவியின் மேற் பறக்கும் முதல் ஊர்தி அனுமதி பெறுமுன் அதன் பராமரிப்பேடு சுதந்திரமான ஒருவரால் பார்வையிடப்பட்டதா, மிதவைகள் பூட்டப்பட்டனவா, பயணி ஒவ்வொருவரும் உயிர்காப்பு அங்கியை அணிந்தே ஏறுவாரா, சாவுக்கோட்டுக்கு உட்புறத்தே தொங்குதல் தடுக்கப்பட்டதா, நீரிலிருந்து மனிதரை மீட்கும் படகு எத்துறையில் எவர் பொறுப்பில் நிற்கின்றது என்னும் வினாக்களுக்கு எழுத்தில் விடை கோருவது மாவட்டச் செயலகத்தின் கடமை. வந்தாறுமூலையிலும் ஏனைய வளாகங்களிலும் பௌதிகமும் சட்டமும் பொருளியலும் பயிலும் மாணவர்க்கு அவ்விடைகளைப் படித்துப் பிழை காணும் தகுதி உண்டு. அவர்கள் அதனைச் செய்யாவிடில் வேறெவரும் செய்யப்போவதில்லை.

பேர்ள் துறைமுகத்தில் முதலிற் பாய்ந்தவர்கள் கரையில் நின்றோர். குன்னூரில் முதலில் ஓடியவர்கள் தேயிலைத் தோட்டத்து அயலவர். மட்டக்களப்பு வாவியில் அது நேரின், கரையிலிருந்து எந்தப் படகும் புறப்படுமுன்னர், வலை இழுத்துக்கொண்டிருக்கும் இரண்டு தோணிக்காரர் அவ்விடத்தை அடைந்திருப்பர். அவர்கள் கையில் ஒரு கத்தி இருக்கும். எந்தப் பட்டியை, எங்கே வெட்டுவது என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்.